முப்பத்தொன்றாவது கிண்ணம்

முதலில் மரத்துப்போனது என் வலது உள்ளங்கை. காலையில் சட்டை போடும்போது விரல்களுக்குப் பொத்தான் தட்டுப்படவில்லை. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் போட முடிந்தது. கையின் மேல் படுத்துத் தூங்கிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நான் மனநோய் விடுதியில் நர்ஸாக இருப்பவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இருந்தும் இதை எழுதக் காரணம் உண்டு. இதே வேலையில் இருக்கும் யாருக்காவது இன்று கை மரத்திருக்கலாம். சாவி கையிலிருந்து நழுவலாம். அவர் அதை மறைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். நானும் மறைத்தேன். மறைத்ததால் ஒரு மனிதன் செத்தான்.

ஜப்பான்காரர்கள் மலாக்காவை ஆண்ட காலம் அது. எங்கள் விடுதி காஜா பெராங் சாலையில் கம்பி வேலி போட்ட ஒரு பழைய பங்களா. முப்பத்தொரு நோயாளிகள், எல்லாரும் ஆண்கள். சண்டைக்கு முன்பு நாங்கள் ஏழு நர்ஸுகள் இருந்தோம். பிறகு மூன்று பேர். பாரால்டிஹைட் (முரண்டு பிடிப்பவரைத் தூங்கவைக்கும் மருந்து, அறையெல்லாம் நாறும்) தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பதிலாகக் கயிறு வந்தது. கட்டுவதும் அவிழ்ப்பதும் எங்கள் கைகள்தாம்.

முன்பு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிப்பவரும் வேலைக்கு வருபவரும் வாசல் பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கோப்பை கோப்பி குடிக்க வேண்டும். குடித்து முடிப்பதற்குள் முடிப்பவர் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இன்று எனக்கு என்ன நடந்தது, இன்று நான் என்ன செய்தேன். அடி வாங்கியிருந்தால் சொல்லலாம். அடித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து போய், வரிசையாக உட்கார்ந்திருக்கும் நோயாளிகளை ஒவ்வொரு தோளாகத் தொட்டு, உரக்க எண்ணுவோம். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் சாவி கை மாறும்.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் இதை நிறுத்தினார். அவர் ஜப்பான்காரர் அல்ல, நம் ஆள்தான். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்றார். பெஞ்சு அடுப்புக்குப் போனது. வாசல் தூணில் ஓர் ஆணி அடித்தார்கள். போகிறவர் ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் போகலாம், வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். அதனால் மாலை ஆறு மணி என்பது வெயில் சாயாத வேளையில் வந்தது. வெளிச்சத்தை வைத்தே சாப்பாட்டு நேரத்தை அறிந்திருந்த நோயாளிகள் குழம்பிப்போனார்கள். நாங்களும்தான்.

ஒருநாள் நான் சுவரில் சாய்ந்து குந்தியிருந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, அவர்கள் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தார். மூன்று முறை. அவர் போன பிறகு இரண்டு நோயாளிகள் வரிசையிலிருந்து வந்து, அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்று அறைந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் முனியன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், விடுதிக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் கையை ஓங்கி, பிறகு கீழே போட்டார்.

"போதும் நர்ஸு, உன் கன்னத்துல சதையே இல்ல. என் கைதான் வலிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு நடந்ததைச் சொல்ல பெஞ்சு இல்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வாரம்தான் உள்ளங்கை மரத்தது.

டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு, வேலை நேரத்தில் அழுத ஒரு நர்ஸை, வடக்கே பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போன லாரியில் நோயாளிகளோடு ஏற்றி அனுப்பிவிட்டார் மேற்பார்வையாளர். அவரைப் பற்றி அதன்பின் செய்தியே இல்லை. கம்பியின் இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் அந்தப் பக்கம் போய்விடலாம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் நோயாளிகளில் ஒருவரான நல்லதம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலாக்கா செட்டிகளில் ஒருவர். கோவிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவருடைய வீடு காஜா பெராங்கிலேயே, விடுதியிலிருந்து பத்து நிமிட நடை. முப்பத்தெட்டு வயதிருக்கும். யாரைப் பார்த்தாலும் "சுடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். கட்டிப் போட வந்தாலும் அதைத்தான் கேட்பார். கிழங்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் இல்லாத நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சில நர்ஸுகளுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்ததுண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய அக்கா கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்து, இலையில் மடித்த மரவள்ளிப் பலகாரம் ஒன்றோடு வேலி ஓரம் வந்து நிற்பார்.

அன்று நான் மாலை ஆறு மணி வேலைக்கு வந்தேன். மூன்றாவது நர்ஸுக்கு அன்று விடுமுறை, பகல் முழுவதும் இருந்தவர் காதர் பாய். பெண்டஹாரா சாலைத் துணிக்கடைக்காரர் குடும்பத்தில் பிறந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். காஜா பெராங்கில் உள்ளே தள்ளிக் குடியிருந்தார். மணி அடித்ததும் அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்துவிட்டார். தாமதித்தால் வழியில் இருந்த காவல் சாவடியில் கேள்வி கேட்பார்கள். நான் பண்டார் ஹிலிர் பக்கமிருந்து நடந்து வர வேண்டும். அன்று கால் வீங்கியிருந்ததால் கால் மணி நேரம் பிந்தினேன். அந்தக் கால் மணி நேரம் விடுதியில் வெறுமனே சாத்திய வாசலும் ஆணியும் சாவியும் மட்டும் இருந்தன.

வந்ததும் எண்ணத் தொடங்கினேன். தொடுகிறேன், ஆனால் தோள் கைக்குத் தெரியவில்லை. சட்டையைத் தொட்டதுபோலவும் இல்லை, எலும்பைத் தொட்டதுபோலவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டு போனது. நடுவில் ஓரிடத்தில் கை வேலை செய்கிறதா என்று பார்க்க என் தோளையே தொட்டுப் பார்த்தேன். வாய் நிற்கவில்லை. அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டது.

கடைசித் தோளில் முப்பத்தொன்று வந்தது. சரியாக இருந்தது. சமையல் ஜன்னலில் முப்பத்தொன்று என்று சொன்னேன். முப்பத்தொரு தகரக் கிண்ணங்கள் வந்தன. கொடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கிண்ணம் என் கையில் நின்றது.

அது என்னுடையது என்று நினைத்தேன். இதை எப்படி எழுதினாலும் யாரும் நம்புவது கடினம். நான் யோசிக்கவில்லை. வரிசையின் முனையில், முனியனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தேன். கஞ்சி சூடாக இருந்தது. முனியன் எனக்காக நகர்ந்து இடம் விட்டார்.

"வா வா. இந்தப் பக்கம் காத்து நல்லா வரும். உனக்கும் ஒரு பாய் போடச் சொல்லட்டா?"

நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். சாவடியில் ஓர் ஆளை மரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள், முகம் அடையாளம் தெரியவில்லை, சட்டை நம் விடுதிச் சட்டைபோல இருக்கிறது என்றார். கணக்கு சரியா என்று கேட்டார். சரி என்றேன். புத்தகத்தில் முப்பத்தொன்று என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். அப்படியானால் வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டு, சட்டையைக் கழற்றி உதறி மாட்டினார். அவர் கண்ணால் பார்த்ததைவிட என் எழுத்தை நம்பினார்.

வெயில் ஏறியது. சுத்தம் செய்தோம். கட்டியிருந்தவர்களை அவிழ்த்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் காதர் பாய் ஏதோ தோன்றி நின்றார். இன்று காலையில் என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லையே என்றார்.

அவரே எண்ணினார். முப்பது.

டாக்டரிடம் கடிதம் வாங்கி, மேற்பார்வையாளரிடம் முத்திரை வாங்கி, கையில் அனுமதித் துணிப்பட்டை கட்டிக்கொண்டு அவர் சாவடிக்குப் போனபோது உச்சி வெயில். நல்லதம்பி செத்திருந்தார். அங்கே நின்ற ஒரு வண்டிக்காரர் நடந்ததைச் சொன்னார். முந்தின மாலை நல்லதம்பி விடுதி வாசலிலிருந்து நடந்து வந்து, காவல்காரன் முன் குனிந்து வணங்காமல், சிரித்துக்கொண்டே அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். ராத்திரி முழுவதும், காலையிலும் உயிரோடு இருந்தாராம்.

மேற்பார்வையாளர் எங்களை நிறுத்தி விசாரித்தார். கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வரிசையிலிருந்து முனியன் பதில் சொன்னார்.

"முப்பத்தொண்ணு சரிதாங்க. கடைசி ஆளு நம்ம நர்ஸு. என்கூடதான் உக்காந்து கஞ்சி குடிச்சாரு."

மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். பைத்தியம் சாட்சி சொல்கிறது என்றார். காதர் பாய் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் கஞ்சியின் சூடு எனக்கு நினைவு வந்தது. புத்தகத்தில் இறப்புக் காரணம் காய்ச்சல் என்று எழுதப்பட்டது. எழுதியது நான்.

வெளியே வந்ததும் காதர் பாய் சொன்னார். "எனக்குப் பின்னாடியேதான் நடந்து வந்திருக்கான், ராமையா. அவன் வீட்டுப் பக்கம்தான் போறேன்னு தெரிஞ்சு வந்திருக்கான். நான் திரும்பிப் பாக்கல."

அடுத்த வெள்ளிக்கிழமை நல்லதம்பியின் அக்கா வந்தார். உடலை எரித்தாகிவிட்டது. காய்ச்சல் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் என்னிடம் மலாயில் நன்றி சொன்னார். கடைசி நாளில் தம்பி சாப்பிட்டானா என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன். பழக்கத்தில் பலகாரம் செய்துவிட்டேன் என்று இலையை வேலி வழியாக என்னிடம் நீட்டினார். அவர் திரும்பிப் பத்தடி போவதற்குள் அதை முழுவதும் தின்றுவிட்டேன்.

அதன் பிறகு நோய் மறைந்திருக்கவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மனைவியின் தோளையும் இரண்டு பெண்களின் தோளையும் தொட்டு எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது. பெண்கள் முதலில் விளையாட்டென்று நினைத்தார்கள், பிறகு என் கை நீண்டால் ஒதுங்கினார்கள். பகலில் நின்றுகொண்டே தூங்கினேன், பாயில் படுத்தால் தூக்கம் இல்லை. என் குரல் வேறொருவர் பேசுவதுபோல் கேட்டது. என் மனைவி பார்வதி ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, நீங்க எங்களைத் தொடுறீங்க. ஆனா தொடுற மாதிரியே இல்ல. வாங்க, டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விடுதிக்கும் வருவார். என் காலை அமுக்கினார், குழி விழுந்தது. முழங்காலைத் தட்டினார், கால் துள்ளவில்லை. பெரிபெரி (தவிட்டுச் சத்து இல்லாததால் நரம்பு கெட்டுக் கால் வீங்கும் நோய்) என்றார். ஆனால் அதில் பாதந்தான் முதலில் மரக்கும், உமக்குக் கை முதலில் மரத்திருக்கிறது என்று யோசித்தார். பார்வதியை வெளியே அனுப்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு பேசியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். பசியால் செய்தேனா, நோயால் செய்தேனா?

அவர் முழங்காலைத் தட்டிய சுத்தியலைக் கீழே வைத்தார். "ரெண்டையும் பிரிச்சுப் பாக்கிறதுக்கு என்னட்டை ஒரு கருவியும் இல்லை, ராமையா. உமக்கு இருக்கிறது நரம்புத் தளர்ச்சியும்தான் (மனம் தாங்க முடியாமல் உடம்பைக் கைவிடும் நிலை). ஆனா அதை எழுதினால் உம்மை லொறியிலை ஏத்திப்போடுவாங்கள். பெரிபெரி எண்டு மட்டும் எழுதுறன்."

ஐந்து வாரம் பொது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்திருந்தேன். நாளுக்கு மூன்று வேளை தவிட்டுக் கஞ்சித் தண்ணீர். கசப்பும் மண் வாசனையுமாக இருக்கும். பக்கத்துப் படுக்கைகளில் நிறையப் பேர் வீங்கிச் செத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு எனக்கு உடம்பு என்று ஒன்று மிச்சமிருந்ததே வியப்பாக இருந்தது. முதலில் திரும்பியது கட்டைவிரல். பாயின் கோரையை அது உணர்ந்த அன்று நான் சந்தோஷப்படவில்லை. பயந்தேன். கை திரும்பினால் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

காதர் பாய் வாரம் ஒருமுறை வந்தார். எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, விடுதியில் என்ன செய்தார் என்பதைச் சொன்னார். ஆணியைப் பிடுங்கிவிட்டாராம். மேற்பார்வையாளர் கேட்டதற்கு, துருப்பிடித்து விழுந்துவிட்டது என்றாராம். வேலை முடிப்பவரும் வருபவரும் இப்போது கிணற்றடியில் கிருமிநாசினி போட்டுக் கால் கழுவுகிறார்கள். உட்காரத்தான் தடை, கால் கழுவத் தடை இல்லை. ஒரு காலுக்கு ஒரு கேள்வி. எனக்கு என்ன நடந்தது, நான் என்ன செய்தேன்.

இன்னொன்றும் செய்தார். அதற்கு டாக்டரின் கையெழுத்தை வாங்கினார். அகப்பை பிடிப்பவர் முதலில் சாப்பிட வேண்டும். எல்லா நோயாளிகளும் பார்க்க, நின்றுகொண்டு, ஒரு கிண்ணம். பசித்தவர்கள் முன்னால் நர்ஸ் சாப்பிடுவது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அந்தக் கிண்ணம் அதே பானையிலிருந்துதான் வரும், அதனால் ஒவ்வொருவர் கஞ்சியிலும் கொஞ்சம் குறையும். காதர் பாய் இதை மறைக்கவில்லை, வரிசை முன்னால் நின்று சொன்னாராம். முனியன்தான் பதில் சொன்னாராம், திருட்டுத்தனமாகத் தின்பவனைவிடப் பார்க்கத் தின்பவன் தேவலை என்று.

இதை வாசிப்பவர்களில் விடுதிகளை நடத்துகிறவர்கள் இருந்தால், நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எங்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லாதீர்கள். நாங்கள் பொறுமையாக இருந்ததில்தான் அந்த மனிதன் செத்தான். எங்களைத் தனியாக எண்ண விடாதீர்கள். அடி வாங்கியவரை அன்றே அதே வரிசைக்கு அனுப்பாதீர்கள். எனக்கு முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் வேலை போகாது என்பதை, அவர் சொல்வதற்கு முன்பே சொல்லிவையுங்கள். பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் திரும்பிய அன்று கிணற்றடியில் காதர் பாய் என் காலில் தண்ணீர் ஊற்றினார். சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"தெரியுதா?"

குளிர்ச்சியாக இருக்கிறது என்றேன். அது போதும் என்றார்.

நல்லதம்பியின் அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் ஏழு மாதம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் வாசலில் மரவள்ளி துருவிக்கொண்டிருந்தார். சாவடி, மரம், கணக்கு, கிண்ணம், இலைப் பலகாரம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை. கஞ்சி சூடாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். துருவி முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்தார். இனி வெள்ளிக்கிழமை இங்கே வராதே, வெள்ளிக்கிழமை நான் அவனைப் பார்க்க வருகிற நாள் என்றார்.

அவர் வருகிறார். ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள், சாவடி இல்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வேலி வரை நடந்து வந்து, சற்று நின்று, திரும்பிப் போகிறார். கையில் இலை இருக்கும். யாரிடமும் நீட்டுவதில்லை. நான் வேலையில் இருந்தால் உள்ளே போய்விடுவேன். உள்ளே போனதைக் கிணற்றடியில் சொல்வேன்.

கடிகாரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். என் உடம்பு அதோடு திரும்பவில்லை. மாலை மங்கும்போது ஆறு அடித்தால், வேலைக்குப் பிந்திவிட்டேன் என்று கால் பதறுகிறது. கையில் மூன்று விரல்கள் முழுதாக வந்துவிட்டன. இரண்டு இன்னும் வரவில்லை. இப்போது எண்ணத் தொடங்குமுன் என் தோளில் கை வைத்து, இது சேராது என்று உரக்கச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவரும் அப்படியே சொல்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியாது, விடுதியின் முறை என்று நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும்.

நோயாளிகள் கூடியிருக்கிறார்கள், குறைந்திருக்கிறார்கள். முப்பதைத் தொட்டு அடுத்த தோளுக்குக் கை போகும் இடத்தில், எவ்வளவு பசியோடு வந்திருந்தாலும் என் வயிறு நிறைந்துவிடுகிறது. சூடாக, ஒரு கிண்ணம் அளவுக்கு.